முக்காடிட்ட பெண்

நாயுடுபுரத்து ஓட்டு வீட்டின் சன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து நிற்கிறது. சுவரில், மெழுகுதிரிக்குப் பின்னால், முக்காடிட்ட ஒரு பெண் குழந்தையை மடியில் கிடத்திக் குனிந்திருக்கிறாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படம். அடியில் ஓவியரின் பென்சில் கையெழுத்து. சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, தன் சமையல்காரி கித்தேரியம்மாளுக்கு விட்டுச் சென்றது. இப்படிப்பட்ட படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஆசிரியர் அலெக்சாண்டர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்கு மாற்றாகக் கொடுக்க அவர் கொண்டுவந்த வேளாங்கண்ணி மாதா படம் சுருட்டியபடியே பெஞ்சில் கிடக்கிறது. “மாதாவை எப்படிங்க சார் தூக்கிக் குடுக்குறது?” என்கிறாள் கித்தேரியம்மாள் மறுபடியும். அப்போதுதான் அவர் அதைச் சொல்கிறார். “இது மாதா இல்லம்மா. பிள்ளையக் குளிப்பாட்டுற யாரோ ஒரு பொம்பள. மிஸ்ஸியம்மா வேற சபை, மாதாவக் கும்புடாத சபை. அவங்க வீட்டுல மாதா படம் மாட்டுவாங்களா?” கித்தேரியம்மாள் சுடரை விரல்களால் நசுக்குகிறாள். திரிப்புகை மெல்ல எழுகிறது. படத்தைக் கழற்றி, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, அவர் முகத்தைப் பாராமல் நீட்டுகிறாள். “இம்புட்டு வருசமா யாரைக் கும்புட்டேனோ. பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிராதீங்க சார்.” வாங்கிய கைகளில் கண்ணாடி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அவர் திருப்பிக் கொடுத்துவிடலாம்தான்; ஆனால் கொடுத்தாலும் இனி அது அவளுக்கு மாதா ஆகாது. சுவரில் புகை படியாத இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. அவள் பெஞ்சிலிருந்த சுருளை விரித்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்க்கிறாள். “இது மாதாதானே சார்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”