முதுகுப் பக்கம்

“முதுகை மேல இருந்து கீழ வரைக்கும் வெட்டிவிட்டுடுங்கக்கா.”

தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். அவன் நீட்டிய சாம்பல் நிற ரவிக்கையை வாங்கிப் பிரித்தாள். அவளே தைத்ததுதான்.

“முதுகு தெரியுற ஃபேஷனா? டீச்சருக்கா?”

“அவளுக்குத்தான்.”

“நல்லா இருக்கே கதை! பின்கழுத்து ஒரு விரல் இறங்கிடுச்சுன்னு இதையே ரெண்டு தடவை பிரிச்சுத் தைக்க வெச்சவங்க தம்பி அவங்க. ‘போர்டுல எழுதத் திரும்பினா, பிள்ளைங்க அத்தனை பேர் கண்ணும் என் முதுகுலதான். நான் ஒழுங்கா உடுத்தினாத்தானே அதுங்க என்னை மதிக்கும்’னு எனக்கே பாடம் எடுத்தாங்க.”

அவனும் தினமும் கேட்ட பாடம்தான். கசங்கிய சட்டையோடு குப்பை கொட்டப் போகக்கூட அவள் அவனை விட்டதில்லை.

இன்று அவன் சட்டையில் பட்டன்கள் மாறிப் போயிருந்தன. தையல்காரி கண்ணில் அது தப்பவில்லை.

“மொதல்ல உங்க பட்டனைச் சரியாப் போடுங்க. டீச்சர் பார்க்காம எப்படித் தப்பிச்சு வந்தீங்க?”

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். சரிசெய்யவில்லை.

“சீக்கிரம் வேணும்க்கா. வீட்டுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. அவ இன்னும் நைட்டியில இருக்கா. நைட்டியோட அவளை யாரும் பார்த்ததே இல்ல. இதைப் போட்டுவிடலாம்னா கையை நுழைக்க முடியலை.”

“அவ்வளவுதானே? சதை போட்டிருக்கும். பக்கத்துல பிரிச்சுக் கொஞ்சம் தளர்த்தித் தரேன்.” குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “என்ன தம்பி, நல்ல சேதியா?”

அவன் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தான்.

தையல்காரி ரவிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? வந்தவங்க முன்னாடி பொண்டாட்டியை இப்படியா நிறுத்துவீங்க? நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு அவங்க போர்டு பக்கம் திரும்பினா, எந்தப் பிள்ளை மதிக்கும்?”

அவன் கத்தரிக்கோலை அவள் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தான்.

“கூடத்துல படுக்க வெச்சிருக்கோம்க்கா. அவ இனிமே திரும்ப மாட்டா.”