சங்கிலி வண்டிக்கு முகபடாம்

"இன்னைக்கும் காலை வாரிருச்சுன்னா, நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுரணும். அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க!" என்றாள் பொன்னம்மாள் புருஷனிடம்.

"சத்தியம்" என்றார் தேனப்பன் செட்டியார். அரை மனசோடுதான் சொன்னார். பிள்ளையைப் போல வளர்த்த வண்டியாயிற்றே.

அரிமளத்துப் பக்கம் அவருடைய சங்கிலி வண்டியைத் தெரியாத ஆள் கிடையாது. சண்டைக் காலத்தில் சிப்பாய்களைத் துப்பாக்கியோடு ஏற்றிப்போன பட்டாள வண்டி. டயர் இல்லை, ரெண்டு பக்கமும் பட்டை பட்டையாக இரும்புச் சங்கிலிதான் ஓடும். சண்டை முடிந்ததும் திருச்சி ஏலத்தில் ஆசை ஆசையாக எடுத்து வந்தார்.

முதலில் பின்னால் கலப்பை பூட்டினார். அது அவருடைய புஞ்சையோடு பக்கத்துக்காரர் வரப்பையும் சேர்த்து உழுதுவிட்டது. அப்புறம் முன்னால் இரும்புத் தகடு மாட்டி, தூர் வாரக் கண்மாயில் இறக்கினார். வண்டியே புதைந்துபோய், ஊர் மாடுகளையெல்லாம் பூட்டி அதைத்தான் தூர் வார வேண்டியிருந்தது. பிறகு மேலே பந்தல் போட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு விட்டார். அந்தச் சத்தத்தில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். தாலி கட்டும்போதும் மாப்பிள்ளைக்குக் காது கேட்கவில்லை.

இப்போது அதற்கு யானை வேஷம்.

அவர் ஊர் அம்மன் தேரைப் பின்னாலிருந்து முட்டித் தள்ள முன்பெல்லாம் அரண்மனை யானை வரும். சமஸ்தானம் போனது, யானை வருவதும் நின்றது. யானை இல்லாமல் தேர் அசையாது என்று ஊரே முடிவு கட்டிக்கொண்டது. வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லாரும் மோர்ப் பந்தலுக்குப் போய்விடுவார்கள். இந்த வருஷமும் ஓடாவிட்டால், தேரைப் பிரித்துவிட்டு அம்மனைச் சின்னச் சப்பரத்தில் வைத்துவிடுவது என்று கூட்டத்தில் பேசியாகிவிட்டது.

"என் வண்டி தள்ளும்" என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் தேனப்பன்.

வண்டியின் மூக்கில் பனங்கட்டையும் வைக்கோல் மெத்தையும் கட்டினார். இறக்கத்தில் தேர் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள, வண்டியைத் தேரின் அச்சோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பொன்னம்மாளின் பழைய பட்டுச் சேலை, யானை நெற்றியில் தொங்குமே, அந்த முகபடாம் ஆனது. கழுத்துமணிகூடத் தொங்கியது. ஓட்டுவதற்குச் செல்லமுத்து, பர்மா சண்டையில் இதே மாதிரி வண்டி ஓட்டிய ஆள்.

"ஏண்ணே, யானைக்கு வெல்லம் குடுத்தாச்சா?" என்று கேட்டான் வேடிக்கை பார்க்க வந்த பெரியகருப்பன்.

"அது பெட்ரோல் குடிக்கும். நீ போயி வடத்தைப் பிடி."

"நாங்க எதுக்குண்ணே? அதுதான் தள்ளுமே!"

"யானை இருந்த காலத்துல ஒங்கப்பன் வடம் பிடிக்கலையா? பேருக்காவது பிடிங்கப்பா!"

சங்கிலி யானையைப் பார்க்கவென்றே கீரமங்கலத்திலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. வந்தவர்கள் சும்மா நிற்பானேன் என்று வடத்தில் கை வைத்தார்கள். தேனப்பனும் முன்னால் போய்ப் பிடித்தார். பொம்பளைகள் பக்கம் பொன்னம்மாளும் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

அதிர்வேட்டு வெடித்தது. தேருக்குப் பின்னால் 'கர்ர்ர்' என்று உறுமல். கலசத்துக்கு மேல் கரும்புகை எழுந்தது.

"யானை முட்டுதுடோய்! இழுங்கடா!"

தேர் முனகியது. ஒரு குலுக்குக் குலுங்கியது. அப்புறம், அம்மாடி, அசைந்தே விட்டது! குலவைச் சத்தம் வண்டிச் சத்தத்தை அமுக்கியது.

மேலவீதி முக்கில் தேர் மலையாகக் கனத்தது.

"வண்டிக்கு மூச்சு வாங்குதுப்பா" என்று தேனப்பன் கத்தினார். "பாவம், நாமளும் கொஞ்சம் கை குடுப்போம்!"

"வாயில்லாச் சீவன், அதுவும் எம்புட்டுத்தான் தள்ளும்!" என்று பெரியகருப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முக்குத் திரும்பியது. வீதிகளெல்லாம் சுற்றி, பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்து நின்றது.

அம்மனுக்குச் சாத்தியது போக மிச்ச மாலையெல்லாம் வண்டிக்குத்தான். ஒருத்தி திருஷ்டி கழித்தாள். பெரியகருப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே விட்டான்.

பொன்னம்மாள் உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தாள். "இஞ்ச பாருங்க, எப்படிக் கொப்பளிச்சிருக்குன்னு! அது தள்ளியே நமக்கு இந்தப் பாடுன்னா, அது இல்லாட்டி என்னாவாகியிருக்கும்? இரும்புக்கெல்லாம் போட வேணாம். மாட்டுக் கொட்டகையில நல்ல எடமாப் பாத்து நிறுத்துங்க."

தேனப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேருக்குப் பின்னால் ஓடினார். செல்லமுத்து இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. மூக்கு வரைக்கும் மாலை, முகமெல்லாம் வேர்வை.

"எறங்குப்பா! ஊரே ஒன்னயத் தூக்கி வச்சு ஆடணும்னு நிக்குது."

"மொதலாளி, கொஞ்சம் கிட்ட வாங்க." செல்லமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மாலைக்கு அடியிலிருந்து ஒரு இரும்புத் தண்டை மெல்ல உருவிக் காட்டினான். "வேட்டுப் போட்டதும் கியரப் போட்டேன். முறிஞ்சு கையோட வந்துருச்சு. என்ன செய்றதுன்னு தெரியாம ஆக்ஸிலேட்டர மட்டும் மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வண்டி ஒரு அடிகூடத் தள்ளலைங்க. தேரோட சேத்து இதையும் என்னையும் ஊருதான் கட்டி இழுத்துட்டு வந்துச்சு."

தேனப்பன் தன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தார். முகபடாத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். அந்தத் தண்டை வாங்கி வேட்டி மடிப்புக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, செல்லமுத்துவின் காதருகே குனிந்தார்.

"அடுத்த வருஷமும் இதை மாட்டவே மாட்டாதே, செல்லமுத்து. சத்தம் மட்டும் கொறையாமப் பாத்துக்க!"