செவ்வாயில் அடங்கிய தொட்டி

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஓர் ஊரே செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். இரண்டு தரம்.

மீன் செத்த பிறகும் எங்கள் மீன்தொட்டியைக் கவிழ்க்க மகள் சாருஜா விடவில்லை. போனில் சின்ன லென்ஸ் ஒன்றை ஒட்டி, பாசித் தண்ணீரில் ஒரு சொட்டெடுத்துக் காட்டினாள். உள்ளே கண்ணாடி உடம்புகள். ஒன்று வண்டிச் சில்லுப் போலச் சுற்றியது, ஒன்று துள்ளியது. சோறு வேகிற நேரமெல்லாம் எனக்கு அதுதான் டிவி. வெயிலுக்குத் தண்ணீர் வற்றும். தினமும் மத்தியானம் கிணற்று வாளியிலிருந்து ஒரு செம்பு ஊற்றிவிடுவேன்.

ஒரு செவ்வாய் பின்னேரம் எல்லாம் நின்றுவிட்டது. உடம்புகள் இருந்தன, அசைவில்லை. ஒன்றின் வயிற்றுக்குள் முட்டைகள்கூட அப்படியே தெரிந்தன.

அடிப் பாசியிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெருகின. ஒரு மாதம் கழித்து, இன்னொரு செவ்வாய், திரும்பவும் அடங்கின. சாருஜா கொப்பியில் திகதி எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் இரண்டு வயது நிருஷன் குடிப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அது பங்குக் கிணறு. மற்றப் பங்கு பக்கத்து வீட்டு உதயகலாவுக்கு. வேலிச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் கதை பேச்சில்லை. ஆனால் மத்தியானங்களில் அவள் தனியே கிணற்றடியில் குனிந்து நிற்பாள். தண்ணீர் கொண்டுபோவதில்லை. என்னவோ செய்துவிட்டுப் போவாள். வெங்காயத் தோட்டம் செய்கிற என் கணவர் கஜானனிடம் சொன்னேன். உவள் ஏதோ போடுறாள் என்றார் அவரும்.

ஒரு திங்கட்கிழமை வாழைக்குப் பின்னால் ஒளித்து நின்று பிடித்தேன்.

“கிணத்துக்கை என்னடி போடுறாய்?”

நிமிர்ந்தாள். கை முழுக்கச் சவுக்கார நுரை. முன்னால் கிணற்று வாளி.

“ஒண்டும் போடேல்லை அக்கா. கஜானன் அண்ணை வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தை இந்த வாளியிலைதான் கலக்கிறவர். சொன்னால் திரும்பச் சண்டை வரும். அதுதான் அவர் போனாப் பிறகு வந்து கழுவி வைக்கிறனான்.”

தொட்டி அடங்கிய அந்த இரண்டு செவ்வாயையும் மெல்லச் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“மாசத்திலை ஒரு செவ்வாய் எனக்குத் தெல்லிப்பழையிலை கிளினிக். வரப் பின்னேரமாகிடும்.” வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “நாளைக்கும் போகோணும் அக்கா. சின்னவனுக்குத் தண்ணி அள்ள முன்னம், வாளியை ஒருக்கால் கழுவிவிடுங்கோ.”