ஜுரேமா எழுதிய பன்னிரண்டு

"யாரு உங்களுக்கு இந்த வால்டெசிர்? அண்ணனா, தம்பியா?"

டாக்டர் ஒட்டாவியோ நோயாளி அட்டையை மேஜைமேல் வீசினார். சால்வடோர் நகரத்திலிருந்து எங்கள் ஆற்றங்கரை ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் குரலுக்கு மட்டும் முப்பது வருட சர்வீஸ் ஆகிவிட்டது.

"யாரும் இல்லை" என்றாள் நர்ஸ் ஜுரேமா.

"அப்புறம் எப்படி? நான் மூணு தடவை பிரஷர் பார்த்தேன். மூணு தடவையும் பதினேழுக்குப் பத்து. நீங்க எழுதினதைப் பாருங்க. பன்னிரண்டுக்கு எட்டு, பன்னிரண்டுக்கு எட்டு! ஒரே ஆளுக்கு ரெண்டு ரத்தமா ஓடுது?"

நூற்றெழுபது, நூற்றிருபது என்றெல்லாம் பிரேசிலில் நாங்கள் நீட்டி முழக்குவதில்லை. கடைசி சைபரை விட்டுவிடுவோம்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன், டாக்டர்."

"அந்த ஆள் ஓட்டுறது ஃபெர்ரி. லாரி, பஸ், ஜனம்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஆத்தைக் கடக்கிறார். நடு ஆத்துல மயங்கி விழுந்தா? ஓட்டத் தகுதி இல்லைன்னு வெள்ளிக்கிழமை கடிதம் போயிடும்."

வால்டெசிருக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்த ஃபெர்ரி. கடிதம் போனால், ஐம்பத்து மூன்று வயதில் சந்தையில் மரவள்ளி மாவு மூட்டை தூக்க வேண்டியதுதான்.

ஜுரேமா இடத்தை விட்டு நகரவில்லை.

"உங்க ரூமுக்குள்ள வந்தாலே அவருக்கு எகிறுது, டாக்டர். அவர் பிழைப்பு உங்க பேனாவுல இருக்கு. நீங்களும் உப்பு ஏன் தின்னேன்னு திட்டிக்கிட்டே பட்டையைக் கட்டுறீங்க. என்கிட்டயும் முதல்ல பதினஞ்சு காட்டும். அதை எழுத மாட்டேன். பத்து நிமிஷம் பேசாம உக்கார வெச்சு, ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க, ஜுரேமா அம்மா. வேண்டியவங்களுக்கு ஒரு நம்பர், வேண்டாதவங்களுக்கு ஒரு நம்பரா?"

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜுரேமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெரிய ஆஸ்பத்திரியில மெஷின் இருக்கு. கையில கட்டிவிட்டா இருபத்து நாலு மணி நேரமும் அதுவே பிரஷர் பார்த்துக்கும். வரவழைங்க. நீங்களே கட்டுங்க, நீங்களே அவிழுங்க. அது உங்க நம்பரைச் சொன்னா, இருபத்திரண்டு வருஷ வேலையை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

மெஷின் வந்தது. புதன்கிழமை, சந்தை நாள். டாக்டர் தன் கையாலேயே கட்டி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டார். யாரும் கழற்றி வேறு கையில் மாட்டிவிடக் கூடாதாம்!

வால்டெசிர் அதோடு பதினோரு தடவை ஆற்றைக் கடந்தார். ஹாரன் அடித்த லாரிக்காரர்களை வழக்கம்போல வாய் நிறையத் திட்டினார். ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் காலை டாக்டர் மெஷினை அவிழ்த்து, அச்சாகி வந்த தாளைப் படித்தார்.

சராசரி பன்னிரண்டுக்கு எட்டு. தூக்கத்தில் பதினொன்றுக்கு ஏழு. பதினேழு வந்தது இரண்டே தடவை. ஒன்று, டாக்டர் அதைக் கட்டியபோது. இன்னொன்று, அவிழ்க்க உள்ளே கூப்பிட்டபோது.

எங்களுக்குக் கைதட்டத் தோன்றியது. சுகாதார நிலையம் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டோம்.

டாக்டரும் நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. கடிதத்தைக் கிழித்துப் போட்டார். எல்லோர் முன்னாலும் ஜுரேமாவிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அந்த அறை வாசலில் வால்டெசிர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் ஒன்றும் பேசாமல் ஃபெர்ரிக்குத் திரும்பிவிட்டார்.

இதைக் கவனித்த டாக்டர், சீட்டு எழுதும் க்ளெய்டேவிடம் வந்தார்.

"நம்பர் சரிதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மனுஷனுக்காகத் தன் வேலையையே பணயம் வெச்சாங்களே! ஏதோ சொந்தம் இருக்கு. என்கிட்ட மறைச்சிருக்க வேண்டாம்."

க்ளெய்டே பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொந்தமா? பதினோரு வருஷத்துக்கு முன்னால, கைக்குழந்தையோட இவங்களைத் தவிக்க விட்டுட்டு, அக்கரையில இன்னொருத்தியோட குடியேறின புருஷன் டாக்டர் அது! அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. எங்க ஜுரேமா அக்கா அந்தப் பன்னிரண்டைப் பதினேழுன்னு மாத்தி எழுதியிருந்தா, இந்த ஊர்ல ஒருத்தர்கூட தப்புன்னு சொல்லியிருக்க மாட்டோம்."