வலது மூலையில் சிவப்பு

செக்கிங் மேசையில் கிடந்த நாற்பது டி-ஷர்ட்டிலும் பிழை காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எல்லா அம்பும் அச்சிட்ட படத்தின் வலது கீழ் மூலையையே காட்டின. அங்கே நகத்தளவு ஒரு சிவப்புச் சதுரம்.

விஜயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் வரைந்தவள் அவள்தான். பாரிஸில் ஒரு மியூசியக் கடைக்குப் போகும் ஆர்டர். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர்கள் ஜப்பானிய அச்சுப் படங்களில் மயங்கி வரைந்த பெண்களைப் போலவே புதிதாக ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

போன வாரம் முழுக்க ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தீனதயாளனோடு மல்லுக்கட்டினாள். முகத்தில் நிழலே இல்லையே என்றார். ஜப்பான் படத்தில் நிழல் கிடையாது, அதைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்களும் நிழலைக் குறைத்தார்கள் என்றாள். முழங்கை படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதே, முழுக்கையாக வரைந்து கொடு என்றார். அதுவும் அங்கிருந்து வந்ததுதான் என்று பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். தொண்டை வற்றிப்போனது. ஆனாலும் விடவில்லை, ஜெயித்தாள்.

இப்போது இந்தச் சதுரம்.

"நாப்பதுலயும் மை கசிஞ்சிருக்குது கண்ணு" என்றபடி மருதாள் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தாள். பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் இருப்பவள். அவள் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது.

பக்கத்தில் நின்ற தீனதயாளன் சிரித்தார். "இதுக்கும் ஏதாச்சும் ஜப்பான் கதை இருக்குதுங்களா?"

இருந்தது. ஜப்பான் முத்திரையைப் பார்த்து அந்த ஓவியர்களில் சிலர் கையெழுத்துப் போல மூலையில் வைத்த அடையாளம் அது. காட்டுவதற்குப் படமும் அவள் கையிலேயே இருந்தது.

ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். இல்லை என்று தலையாட்டினாள்.

கன் சீறியது. ஒரு சதுரம் கரைந்தது. பிறகு இன்னொன்று. ஆத்திரத்தில் அவளுக்குக் காது அடைத்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் பிடிபடவில்லை.

கடைசி டி-ஷர்ட்டை மட்டும் வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். சிவப்புக்குள் மயிரிழை போல ஓர் எழுத்து: 'வி'.

டிசைனர் பெயர் துணியில் ஏறக்கூடாது என்பது கம்பெனி வழக்கம். ஏழு வருஷத்தில் அவள் தன் பெயரை வைத்த ஒரே படம் இது.

மருதாள் அதையும் வாங்கி அடித்தாள். உதறி, முகம் மலர விரித்துக் காட்டினாள்.

"பாரு கண்ணு, இருந்த அடையாளமே தெரியல."