கரடியின் முதுகுப்புறம்

மானமுள்ள மக்களே, இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்டினத்தடிக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் ஒரு கரடி ஆடுவதைப் பாருங்கள்! தலையும் உடலும் ஒன்றாய்த் தைத்து, பஞ்சு திணித்த அந்த வேடத்துக்குள் நிற்பவள் இசக்கியம்மாள். காலை பத்து மணிக்கு அவளை உள்ளே இட்டு, முதுகில் ஜிப்பை இழுத்து மூடிய மேற்பார்வையாளர் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவார். அவள் கைகள் முதுகுக்கு எட்டா.

நண்பகலில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. எதிரே குழந்தையோடு நிற்பவரிடம் கெஞ்சுகிறாள்: "அண்ணே, பின்னாடி ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி விடுங்கண்ணே, தலை சுத்துது."

"ஏய், கரடி தமிழ் பேசுதுடி!" என்று அவர் மனைவியை அழைக்கிறார்.

இசக்கியம்மாள் இரு கைகளையும் கூப்புகிறாள்.

"பாப்பா, கரடி மாமா வணக்கம் சொல்றாரு பாரு. நீயும் சொல்லு!" என்கிறாள் மனைவி.

இசக்கியம்மாள் கால் தளர்ந்து மண்டியிடுகிறாள்.

"உக்காந்துருச்சு! பாப்பாவைத் தோள்ல ஏத்துங்க, சீக்கிரம்!"

குழந்தையின் கனமும் அவள்மேல் ஏறுகிறது. எதிரே கூடி நிற்கும் நாற்பது பேரும் கைபேசியை உயர்த்துகிறார்கள்.

"ஐயா, செத்துருவேன்யா" என்கிறது கரடி.

"என்னா நடிப்பு, என்னா நடிப்பு!" என்கிறான் ஒருவன். கைதட்டல் எழுகிறது.

படத்தில் முகம் விழவேண்டும் என்று எல்லோரும் முன்பக்கமே நிற்கிறீர்கள். அவளுக்கு உங்கள் இரக்கம் வேண்டாம், கண்டனக் கூட்டம் வேண்டாம். கைபேசியைப் பையில் போடுங்கள். நான்கு அடி சுற்றி நடந்து, அவள் பின்னால் போய், அந்த ஜிப்பை இழுங்கள்!