கையெழுத்துக்கு ஓர் ஆள்

லிஃப்ட் சோதனைப் பிரிவில் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சோதனை எல்லாம் இப்போது ஏஐதான். ஆனால் சான்றிதழில் மனிதர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது சட்டம். ஏதாவது ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான்.

இன்று எங்கள் அலுவலக லிஃப்ட்டின் சான்றிதழே மேசைக்கு வந்தது. எடுத்துக்கொண்டு நேராக எம்.டி. அறைக்குப் போனேன்.

"இந்த லிஃப்ட்டோட கம்பியை நான் தொட்டுப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. பார்க்காம எப்படி சார் போடுறது?"

"ஏஐ பார்த்துடுச்சு, ஜெசிந்தா. உங்க எல்லாரையும்விட நல்லாவே பார்க்கும். சும்மா போடுங்க."

"அறுந்து விழுந்தா?"

"அதெல்லாம் விழாதும்மா."

"விழாதுல்ல? அப்போ நீங்களே போடுங்க." பேனாவை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவே இல்லை. "நாளைக்குப் பேசலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, படியில் இறங்கிப் போனார்.